நீண்ட வெண்மேகக் கடுதாசி – 17: ரெண்டு கடலும் ஒரு பஸ் கார்டும்

இங்க செமஸ்டர் முடிஞ்சு, ஆணி புடுங்குற வேலை கொஞ்சம் குறைஞ்சிருக்கு. டிசம்பர் வந்தாச்சு. நம்ம ஊர்ல மார்கழிக் குளிர்ல போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குற நேரத்துல, இங்க மண்டையப் பிளக்குற வெயில். கிறிஸ்துமஸ் தாத்தா ட்ரவுசரோட கடற்கரையில நிக்கிற ஊரு இது.

இந்த சீசன்ல எனக்கு வர்ற மெயில் எல்லாம் ஒரே மாதிரிதான். "ஜனவரியில அம்மா அப்பாவைக் கூட்டிட்டு ஆக்லாந்து வர்றோம், பீச்சுல பாக்குறதுக்கு என்னென்ன இருக்கு?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் அடிச்சு விரல் தேஞ்சதுதான் மிச்சம். அதான் ஒட்டுமொத்தமா ஒரு பதிவாவே போட்டுடலாம்னு. இது பணக்காரங்களுக்கான கையேடு இல்ல. மாணவன் பட்ஜெட்டு. ஹாப் கார்டுன்னு ஒரு பஸ் கார்டு, ஒரு டப்பா புளியோதரை, ஒரு பாட்டில் தண்ணி. இவ்ளோதான் முதலீடு.

லண்டன் ஈஸ்ட்ஹாம்ல இருக்கிற சித்தி பையன் ஒருத்தன் அப்பப்ப படம் அனுப்புவான். அவங்களுக்குப் பீச்சுன்னா சவுத்எண்ட். அங்க கடலுக்குள்ள 2 கி.மீ.க்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற பாலம், உல்லாசத்துக்குன்னு கட்டினதுல உலகத்துலயே நீளமானது. பிளாக்பூல் போனா 1894-ல கட்டின கோபுரம், ராட்டினம், காசு போட்டு ஆடுற மிஷினு. இங்கிலாந்துக் கடற்கரைன்னா மனுஷன் கட்டி வெச்ச திருவிழா. ஆக்லாந்துல அதெல்லாம் எதிர்பார்த்து வராதீங்க. இங்க கடலும் எரிமலையும்தான் திருவிழா. கட்டணமும் கிடையாது.

முதல்ல கொஞ்சம் புவியியல் (தூங்கிடாதீங்க)

ஆக்லாந்து ஒரு ஒடுங்கின கழுத்து மேல உக்காந்திருக்கு. கிழக்கே வைடெமாட்டா துறைமுகம், அது பசிபிக்கோட சொந்தக்காரன். மேற்கே மனுகாவ் துறைமுகம், அது டாஸ்மன் கடலோட ஆளு. ஒட்டாஹுஹுங்கிற இடத்துல இந்த ரெண்டு தண்ணிக்கும் நடுவுல இருக்கிற நிலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தக் காலத்துல மாவோரி மக்கள் வாக்காங்கிற படகைத் தரை மேலயே இழுத்து ஒரு கடல்லேர்ந்து இன்னொரு கடலுக்குப் போயிருக்காங்க. இப்பவும் நீங்க வயடக்ட்லேர்ந்து ஒனஹங்கா வரைக்கும் 16 கி.மீ. நடந்தா காலைல ஒரு கடல், மதியம் இன்னொரு கடல். நான் நடந்திருக்கேன். மறுநாள் மாடிப்படி இறங்க முடியல, அது தனிக்கதை :-)

கிழக்குக் கடல் சாது, மேற்குக் கடல் முரடு. இந்த ஒரு வரி ஞாபகம் இருந்தா போதும், மத்ததெல்லாம் அதுக்கு உரைதான்.

1. டெவன்போர்ட்: பன்னெண்டு நிமிஷக் கப்பல் பயணம்

டவுன்டவுன்ல ஃபெர்ரி ஏறினா பன்னெண்டு நிமிஷத்துல டெவன்போர்ட். பெத்தவங்களைக் கூட்டிட்டு வந்தா முதல் நாள் இங்கதான் போகணும். கப்பல்லேர்ந்து ஊரை ஒரு சுத்து பாத்த மாதிரியும் ஆச்சு, அம்மாவுக்கு வாந்தி வருமா வராதான்னு டெஸ்ட் பண்ணின மாதிரியும் ஆச்சு. கரையோரமா இருபது நிமிஷம் நடந்தா நார்த் ஹெட்னு ஒரு குன்று, மாவோரிப் பேரு மௌங்காவிகா. அதுவும் எரிமலைதான், ஆனா அதைக் குடைஞ்சு சுரங்கமும் பீரங்கி மேடையும் கட்டி வெச்சிருக்காங்க. யாரை எதுத்து? ரஷ்யாவை! 1880-கள்ல ரஷ்யப் போர்க்கப்பல் வந்துடும்னு ஒரு பீதி. ரஷ்யாக்காரன் கடைசி வரைக்கும் வரவே இல்ல. பீரங்கி மட்டும் இன்னமும் அவனுக்காகக் காத்துக்கிட்டிருக்கு. சுட்டு முடிச்சதும் தானா குழிக்குள்ள இறங்கிக்கிற வகை அது. டார்ச் கொண்டு போங்க, சுரங்கத்துல சின்னப்பசங்களுக்கு செம குஷி.

2. ரங்கிட்டோட்டோ: ஊருக்கு எதிரே ஒரு எரிமலை

ஆக்லாந்துல எங்க நின்னு பாத்தாலும் கடலுக்கு நடுவுல ஒரே மாதிரித் தெரியுற தீவு இது. ஏறத்தாழ 600 வருஷம் முன்னாடி வெடிச்சு வந்தது. இந்த ஊர்ல இருக்கிற ஐம்பது சொச்சம் எரிமலையில இதுதான் கடைக்குட்டி. ஃபெர்ரியில 25 நிமிஷம், அப்புறம் கருப்பு எரிமலைக் கல்லு மேல ஒரு மணி நேரம் ஏறினா 259 மீட்டர் உச்சி. உலகத்துலயே பெரிய பொஹுட்டுகாவா காடு இங்கதான் இருக்கு. டிசம்பர்ல செக்கச்செவேல்னு பூக்குறதால அதை இந்த ஊரு கிறிஸ்துமஸ் மரம்னு சொல்றாங்க. எனக்கு நம்ம ஊர் கல்யாண முருங்கைதான் ஞாபகம் வரும்.

எச்சரிக்கை: தீவுல கடை கிடையாது, குடிதண்ணி கிடையாது. சாயங்காலக் கடைசிக் கப்பலை விட்டா தங்க இடமும் கிடையாது. எலி, பூனை எல்லாத்தையும் ஒழிச்சு பறவைகளைத் திரும்பக் கொண்டு வந்திருக்கிற தீவு இது. அதனால ஏறுறதுக்கு முன்னாடி செருப்பு, பை எல்லாம் சுத்தமா இருக்கணும்னு கேப்பாங்க. சலிச்சுக்காம செய்ங்க.

3. மிஷன் பே: ஐஸ்கிரீமும் அதுக்குப் பின்னாடி இருக்கிற கதையும்

டமாக்கி லிங்க் பஸ்ல ஏறினா கடலை ஒட்டியே கொண்டு போய் விடும். 1950-ல திறந்த நீரூற்று, புல்வெளி, வரிசையா ஐஸ்கிரீம் கடை. ஹோக்கி போக்கின்னு ஒரு ஐஸ்கிரீம், வெனிலாவுக்குள்ள தேன்மிட்டாய் மாதிரி நொறுக்குத்துண்டு. கட்டாயம் சாப்பிடுங்க. தண்ணி குளம் மாதிரி இருக்கும். அம்மா புடவையை லேசா தூக்கிக்கிட்டுக் கால் நனைக்கிறதுக்கு இதை விடத் தோதான இடம் இல்ல.

ஆனா பஸ்ல போகும்போது மிஷன் பேக்கு முன்னாடியே ஒரு குட்டி வளைகுடா வரும். ஒகாஹு பே. அங்க ஒரு நிமிஷம் இறங்கி நில்லுங்க.

அந்தக் கரையில ங்காட்டி ஃபாதுவா மாவோரி மக்களோட கிராமம் இருந்துச்சு. 1910-கள்ல ஆக்லாந்து நகரத்துச் சாக்கடையைக் கொண்டு போற குழாயை அந்தக் கிராமத்துக்கும் கடலுக்கும் நடுவுல போட்டாங்க. பக்கத்து முனையில கழிவு கடல்ல கலந்துச்சு. மழை பெஞ்சா குழாய்க்குப் பின்னாடி தண்ணி தேங்கி கிராமம் சேறாச்சு. கடல்ல மட்டி பொறுக்கித் தின்ன பிழைப்பும் போச்சு. கடைசியில 1952-ல, ராணி வருகைக்கு முன்னாடி, ஊரு அசிங்கமா இருக்குன்னு மிச்சம் இருந்தவங்களைக் கிளப்பி மேட்டுல இருந்த அரசு வீட்டுக்கு அனுப்பிட்டு, கிராமத்தைக் கொளுத்திட்டாங்க.

மேல தெரியுற மேடுதான் பாஸ்டியன் பாயிண்ட். ரஷ்யாக்காரன் வர்றான்னு சொன்ன அதே பீதியில பீரங்கி வைக்கன்னு அந்த மக்கள்கிட்டேர்ந்து எடுத்த நிலமும் அதுல உண்டு. பீரங்கி தேவைப்படாம போனப்புறமும் சொந்தக்காரங்களுக்குத் திருப்பித் தரல. 1970-கள்ல அங்க பணக்கார வீடு கட்டப் போறாங்கன்னு தெரிஞ்சதும், 1977 ஜனவரியில ஜோ ஹாக் தலைமையில மக்கள் போய் உக்காந்தாங்க. 506 நாள்! 1978 மே 25-ம் தேதி போலீஸும் ராணுவமும் வந்து 222 பேரைக் கைது பண்ணிச்சு. பத்து வருஷம் கழிச்சு, 1988-ல, நிலத்தைத் திருப்பித் தர அரசாங்கம் ஒத்துக்கிச்சு. இன்னிக்கு அந்தப் புல்வெளியில யாரு வேணா போய் உக்காந்து கடல் பாக்கலாம். நிலம் அவங்களோடது, விருந்தாளி நாம.

நான் படிக்கிறது தண்ணி, கழிவு சம்பந்தப்பட்ட இன்ஜினியரிங். அதனால இன்னொரு சேதி சொல்லாம இருக்க முடியல. அதே ரோட்டுல கெல்லி டார்ல்டன்னு ஒரு மீன் காட்சிச்சாலை இருக்கு. கண்ணாடிக் குகைக்குள்ள நாம போக, தலைக்கு மேல சுறா நீந்தும். 1985-ல திறந்தது. அது இருக்கிற இடம் எது தெரியுமா? அந்தப் பழைய சாக்கடைத் தொட்டிகளேதான்! மாங்கரேயில சுத்திகரிப்பு நிலையம் 1960-ல வந்தப்புறம் சும்மா கிடந்த தொட்டிக்குள்ள கட்டினது. அதைக் கட்டின கெல்லி டார்ல்டன் திறந்து சில வாரத்துலயே காலமாயிட்டார்.

இதைப் படிக்கும்போது மெரினா ஞாபகம் வரலைன்னா நீங்க சென்னைக்காரர் இல்ல. 1985-ல மெரினாவை அழகுபடுத்தணும்னு கட்டுமரத்தையும் வலையையும் அப்புறப்படுத்தின விவகாரம் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போச்சு, மீனவர்கள் செத்துப் போனாங்க. 2023 ஏப்ரல்ல நொச்சிக்குப்பம் லூப் ரோட்டுல மீன் கடைகளை எடுத்தப்பவும் அதே கேள்விதான் வந்துச்சு. கடற்கரை பாக்க வர்றவனுக்கா, அதுல பொழைக்கிறவனுக்கா? இங்க 2004-ல இதே கேள்விக்கு ஒரு சட்டம் போட்டு, அதை எதுத்து மாவோரி மக்கள் வெலிங்டன் வரைக்கும் ஊர்வலம் போய், 2011-ல அதை ரத்து பண்ணி வேற சட்டம் கொண்டு வந்தாங்க. சண்டை இன்னும் முடியல. ஆனா சண்டை போட்டா நிலம் திரும்பி வரும்ங்கிறதுக்கு ஒரு மேடு சாட்சியா நிக்குது. ஐஸ்கிரீம் கையில இருக்கும்போது அதையும் ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க.

4. தகாபுன: கல்லான காடு

பஸ்ல போகலாம். தகாபுன கடற்கரையோட வடக்கு முனையில, வத்தம் இருக்கும்போது பாறை மேல நடந்தா வட்டவட்டமாக் குழி தெரியும். அம்மி குழின்னு நினைச்சுடாதீங்க. சுமார் 2 லட்சம் வருஷம் முன்னாடி புபுகே எரிமலை கக்கின குழம்பு ஒரு காட்டைச் சூழ்ந்து உறைஞ்சிருக்கு. மரம் எரிஞ்சு போச்சு, மரத்தோட அச்சு மட்டும் நிக்குது. அங்கேர்ந்து மில்ஃபோர்ட் வரைக்கும் கரையோரமாவே நடைபாதை. இங்க ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் மூணு மீட்டர் வரைக்கும் வித்தியாசம் வரும். நேரம் பாக்காமப் போனா சில இடத்துல கடலுக்குப் பதிலா சேறுதான் இருக்கும்.

5. மேற்குக் கரை: கருப்பு மணல், முரட்டுக் கடல்

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கொஞ்சம் கவனமாப் படிங்க.

பீஹா, ஊர்லேர்ந்து சுமார் 40 கி.மீ. கார் இருக்கிற நண்பனைக் காக்கா பிடிக்கணும். மணல் கன்னங்கரேல்னு இருக்கும். தரனாகி எரிமலைப் பக்கத்துலேர்ந்து கடலோட்டம் அடிச்சுட்டு வந்த இரும்பு மணல். ஒரு காந்தத்தை வெச்சா மீசை முளைச்ச மாதிரி ஒட்டிக்கும். மதிய வெயில்ல செருப்பு இல்லாம கால் வெச்சா தீமிதிதான். நடுக்கரையில சிங்கம் படுத்த மாதிரி ஒரு பாறை. பக்கத்துல கரேகரே, 'தி பியானோ' (1993) படத்துல வர்ற கரை அதுதான். வடக்கே முரிவாய், அங்க பாறை உச்சியில கன்னட் பறவைகள் ஆயிரத்துக்கு மேல ஜோடி ஜோடியாக் கூடு கட்டும். குஞ்சு பொரிச்சு நாலு மாசத்துல, முதல் பறத்தலே ஆஸ்திரேலியாவுக்கு! நமக்கு விசா வாங்கவே அதை விட அதிக நாள் ஆகுது.

இந்த அழகு எல்லாம் சரி. ஆனா இந்தக் கடல் ஆளை இழுக்கும்.

எங்க வீட்டுல நாலு பேர் இருக்கோம். ஒருத்தன் யாழ்ப்பாணத்துக்காரன், வல்வெட்டித்துறை. போன மாசம் பீஹா போனோம். கரையில சிவப்பு மஞ்சள் கொடி ரெண்டு நட்டிருந்தாங்க, அதுக்கு நடுவுல ஒரே கூட்டம். அவனுக்குக் கூட்டம் பிடிக்கல. நூறு மீட்டர் தள்ளி அலையே இல்லாம அமைதியா ஒரு இடம். "மச்சான், நான் கடலிலதான் வளந்தனான். உந்தக் கடல் என்னை என்ன செய்யப் போகுது?"னுட்டு இறங்கிட்டான். நாங்க மூணு பேரும் கத்தினது காத்துல போயிடுச்சு. ரெண்டு நிமிஷம் இருக்காது. இடுப்பளவு தண்ணியில நின்னவன் தலை மட்டும் தெரியுற தூரத்துக்குப் போயிட்டான். கரையைப் பாத்து நீந்துறான், நீந்துறான், இருக்கிற இடத்துலயே இருக்கான். அப்புறம் பின்னாடி போக ஆரம்பிச்சான். நான் கொடிப் பக்கம் ஓடினேன். ஆனா அதுக்குள்ள அவங்க பாத்துட்டாங்க. ரப்பர் படகு அலையைக் கிழிச்சுட்டுப் போச்சு. கொண்டு வந்து மணல்ல உக்கார வெச்சப்ப அவன் உதடு நீலமா இருந்துச்சு. பத்து நிமிஷம் பேசல. அப்புறம் ஒண்ணே ஒண்ணு சொன்னான்: "எங்கட கடல் தள்ளும். இது இழுக்குதடா."

படகுல போன பொண்ணுக்கு இருபது வயசு இருந்தா அதிகம். வாரக் கடைசியில சம்பளம் இல்லாமக் காவல் காக்குற தன்னார்வலர். பணம் ஏதாவது தரணுமான்னு கேட்டோம். சிரிச்சுட்டு, அடுத்த தடவை கொடிக்கு நடுவுல குளிங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா. 1934-லேர்ந்து பீஹாவுல இப்படி ஒரு சங்கம் நடக்குது.

நடந்தது என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். அலை கரைக்குக் கொண்டு வந்து கொட்டுற தண்ணி எப்படியாவது திரும்பப் போயாகணும். அது மணலை அறுத்து ஒரு வாய்க்கால் போட்டுக்கிட்டு அது வழியா உள்ள போகும். இதுக்குப் பேருதான் ரிப். வாய்க்கால்ல ஆழம் ஜாஸ்திங்கிறதால அங்க அலை உடையாது. வெளிலேர்ந்து பாத்தா சாதுவாத் தெரியும். நம்ம ஆளுங்க அமைதியா இருக்கிற இடமாப் பாத்து இறங்குறோம், அங்கதான் ஆபத்தே இருக்கு. அந்த இழுப்பை எதுத்து நீந்த நல்ல நீச்சல் வீரனாலயும் முடியாது. மெரினாவுலயும் பிள்ளைங்களைக் கொண்டு போறது பெரும்பாலும் இதேதான்.

மாட்டிக்கிட்டா செய்ய வேண்டியது:

- பதறாம மல்லாந்து மிதங்க. ரிப் உங்களைக் கீழே இழுக்காது, உள்ளதான் கொண்டு போகும்.
- ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்க. கரையில பாப்பாங்க.
- அது போற போக்குல போங்க. கொஞ்ச தூரத்துல வேகம் அடங்கும். அப்புறம் அலை உடையுற பக்கமா வந்து கரைக்குத் திரும்பலாம், இல்ல ஆள் வர்ற வரைக்கும் மிதக்கலாம்.
- கரையில இருக்கிறவங்க காப்பாத்துறேன்னு குதிக்காதீங்க. காவலர் இல்லைன்னா 111-க்குப் போன் போட்டு போலீஸைக் கேளுங்க. மிதக்குற சாமான் எதையாவது தூக்கிப் போடுங்க.

இன்னும் ரெண்டு. ஒண்ணு, ஜீன்ஸ், சுடிதார் துப்பட்டாவோட மேற்குக் கடல்ல இறங்காதீங்க, நனைஞ்சா கல்லு கட்டின மாதிரி கனக்கும். ரெண்டு, பாறை மேல நின்னு மீன் பிடிக்கிறது, செல்ஃபி எடுக்கிறது. இந்தக் கரையில அலை சொல்லிட்டு வராது. பாறை மீன்பிடிப்புக்குன்னே 2006-லேர்ந்து தனியா ஒரு பாதுகாப்புத் திட்டம் நடத்துற அளவுக்கு உயிர் போயிருக்கு. அதுல வெளிநாட்டுலேர்ந்து வந்து குடியேறினவங்க நிறைய பேர்.

நீச்சல் தெரியலைன்னா கத்துக்கோங்க. எங்க வீட்டுல இப்ப நாலு பேரும் நகராட்சிக் குளத்துக்குப் போறோம். மூணு பேர் அரிச்சுவடி. யாழ்ப்பாணத்துக்காரன் வாத்தியார் :-)

6. ஆடு தீவு: மீன்களோட குளியல்

வடக்கே லீங்கிற ஊருக்குப் பக்கத்துல கோட் ஐலண்ட், ஊர்லேர்ந்து ஒண்ணேகால் மணி நேரம் கார்ல. ஆடு எல்லாம் கிடையாது. 1975-ல அறிவிச்ச, இந்த நாட்டோட முதல் கடல் காப்பகம். மீனோ மட்டியோ, ஒண்ணையும் தொடக் கூடாது. அதோட பலன் முழங்கால் தண்ணியிலயே தெரியும். ஸ்னாப்பர் மீன் நம்ம காலைச் சுத்தி மோந்து பாத்துட்டுப் போகும். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வாடகைக்குக் கிடைக்கும். பிடிக்காம விட்டா கடல் எப்படித் திரும்பி வரும்னு பாடப்புத்தகத்துல படிச்சதை இங்க நேர்ல பாக்கலாம்.

போறதுக்கு முன்னாடி சில உபரித் தகவல்

*தண்ணி சுத்தமா?* ஆக்லாந்தோட பழைய பகுதிகள்ல மழைத்தண்ணியும் சாக்கடையும் ஒரே குழாய்தான். பெரு மழைன்னா கடல்ல வழியும். அதுக்குத்தான் பூமிக்கு அடியில 16 கி.மீ. நீளச் சுரங்கம் வெட்டியிருக்காங்க. எதுக்கும் சேஃப்ஸ்விம் தளத்துல அன்னிக்கு நிலவரம் பாத்துட்டு இறங்குங்க. மழைக்கு அடுத்த ரெண்டு நாள் நகரக் கடற்கரையில முங்க வேண்டாம்.

*வெயில்.* நமக்குத்தான் ஏற்கனவே கருப்பாச்சேன்னு நினைக்காதீங்க. இங்க புற ஊதாக் கதிர் கோடையில கடுமை. காத்து சில்லுன்னு அடிக்கிறதால சுடுறதே தெரியாது, ராத்திரிதான் தெரியும். தொப்பி, க்ரீம் ரெண்டும் வேணும்.

*சாப்பாடு.* மீனும் சிப்ஸும் காகிதப் பொட்டலத்துல. "ஒரு ஸ்கூப்"புன்னு கேட்டா சிப்ஸ் தருவாங்க. சைவக்காரங்க கவனம், பல கடையில மாட்டுக் கொழுப்புலதான் பொரிக்கிறாங்க, கேட்டுட்டு வாங்குங்க. அம்மாகிட்ட நான் இதைச் சொன்னேன், புளியோதரை டப்பா ரெண்டாச்சு.

*அகராதி.* ஜாண்டல்னா ஹவாய் செருப்பு. டோக்ஸ்னா நீச்சல் உடை. பாச்னா கடற்கரைக் குடிசை வீடு. டெய்ரின்னா பால் பண்ணை இல்ல, பொட்டிக்கடை. சில்லி பின்னுன்னா மிளகாய் டப்பா இல்ல மக்கா, ஐஸ் பெட்டி!

வெலிங்டன் பக்கம் போறவங்க டி பாபா அருங்காட்சியகத்துல தமிழ் எழுத்து பொறிச்ச ஒரு வெண்கலக் கப்பல் மணியைத் தேடிப் பாருங்க. 1836 வாக்குல மிஷனரி வில்லியம் கொலென்சோ பாத்தப்ப, மாவோரிப் பெண்கள் அதுல உருளைக்கிழங்கு வேக வெச்சுக்கிட்டு இருந்தாங்களாம். முகைதீன் பக்ஸ் என்கிறவரோட கப்பல் மணி. அது இங்க எப்படி வந்துச்சுன்னு யாரும் நிரூபிச்சதில்ல. அதைப் பத்தி அடுத்த கடுதாசியில விலாவாரியா எழுதறேன்.

டிஸ்கி: உங்க ஊர்க் கடல்ல எந்த இடத்துல இறங்கக் கூடாதுன்னு அந்த ஊர் மீனவங்களுக்குத் தெரியும். திருச்செந்தூரோ, கோவளமோ, பருத்தித்துறையோ, தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல எழுதுங்க. கும்மி அப்புறம் அடிக்கலாம். ஒரு பட்டியலாத் திரட்டிப் போட்டா யாராவது ஒரு பையனுக்காவது உதவும்.